கல்ச்சரில் கிருமி வளராதபோதும் தொடரும் சிறுநீர்ப்பை வலி

ஓராண்டுக்கும் மேலாக அடிவயிற்றில் வலி இருப்பதாகவும், பகலிலும் இரவிலும் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பலமுறை யூரின் கல்ச்சர் செய்தும் கிருமி வளரவில்லை, பல சுற்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் நிலையான பலன் இல்லை, இப்போது ஒரு மருத்துவர் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இது என்ன நோய், முழுதாகத் தீருமா, பின்னாளில் புற்றுநோயாக மாறுமா என்பவை உங்கள் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த அச்சத்தோடு மற்றவற்றைப் படிப்பது கடினம். இந்த நோய் புற்றுநோயாக மாறுவதில்லை. மற்றவருக்குத் தொற்றுவதில்லை, பாலுறவால் பரவுவதும் இல்லை. ஆனால் சிறுநீர்ப்பையின் உட்படலத்தில் மட்டும் பரவும் ஒருவகைத் தொடக்கநிலைப் புற்றுநோய் ஏறக்குறைய இதே அறிகுறிகளோடு வரக்கூடும் என்பதால், அது இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே இந்த நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். முழுதாகத் தீருமா என்று கேட்டால், எல்லோருக்கும் தீர்த்துவைக்கும் ஒரே மருந்து இன்றுவரை இல்லை. வலியைக் குறைத்து, தூக்கத்தையும் அன்றாட வேலையையும் மீட்டுத்தரும் வழிகள் பல இருக்கின்றன. அவற்றுள் உங்களுக்குப் பொருந்துவது எது என்று கண்டறியச் சில மாதங்கள் பிடிக்கும்.

மருத்துவர்கள் இப்போது இதைச் சிறுநீர்ப்பை வலி நோய்த்தொகை என்றும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள். சிறுநீர்ப்பையிலிருந்து வருவதாக உணரப்படும் வலி, அழுத்தம் அல்லது அசௌகரியம் ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். அதோடு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருத்தல் போன்ற தொல்லைகளும் இருக்க வேண்டும். நோய்த்தொற்றோ வேறு தெளிவான காரணமோ இருக்கக் கூடாது. அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் ஏற்றுக்கொண்டிருக்கும் வரையறை இதுதான். இந்த வரையறையில் எந்த ஒரு பரிசோதனையின் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ மட்டும் வைத்து இந்த நோயை உறுதிசெய்ய முடியாது. நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, ஒத்த அறிகுறிகள் கொண்ட பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் இதை அடையாளம் காண முடியும். ஆகவே ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வருவது உங்களுக்கு நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

சிறுநீர்ப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். சிறுநீரில் பொட்டாசியம், யூரியா, அமிலங்கள் என்று திசுக்களை உறுத்தக்கூடிய பொருள்கள் நிறைய உள்ளன. அவற்றிலிருந்து சிறுநீர்ப்பைச் சுவரைக் காப்பது அதன் உட்படலம். மிக நெருக்கமாகப் பிணைந்த செல்களும், அவற்றின் மேல் கிளைக்கோசமினோகிளைக்கன் என்ற சர்க்கரைச் சேர்மங்களால் ஆன மெல்லிய வழுவழுப்பான பூச்சும் கொண்டது அது. இந்நோய் உள்ள பலரிடம் இந்தத் தடுப்பு பழுதடைந்திருப்பதாகக் கருதப்படுகிறது. பழுதுபட்ட இடங்களின் வழியே சிறுநீரில் உள்ள பொருள்கள் உள்ளே கசிந்து நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. ஒவ்வாமையோடு தொடர்புடைய மாஸ்ட் செல்கள் அங்கே கூடி ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளியிட, அவை நரம்புகளை மேலும் கூர்மையாக்குகின்றன. நரம்புகள் வெளியிடும் வேதிப்பொருள்கள் திரும்பவும் மாஸ்ட் செல்களைத் தூண்ட, தொடங்கிவைத்த காரணம் மறைந்துபோன பிறகும் அழற்சி தானாகவே நீடிக்கிறது. ஒரு கடுமையான நோய்த்தொற்றுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ பிறகு இந்தத் தொல்லை தொடங்கியதாகச் சில பெண்கள் சொல்வதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது. ஆனால் பலருக்கு எது தொடங்கிவைத்தது என்று சொல்லவே முடிவதில்லை.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. மாதக்கணக்கில் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் அந்தச் செய்தியைக் கையாளும் விதமே மாறிவிடுகிறது. சிறுநீர்ப்பை சிறிதளவு நிரம்புவதுகூட வலியாக உணரப்படும். குடல், பிறப்புறுப்பு, கீழ்முதுகு ஆகியவற்றின் நரம்புகளும் தண்டுவடத்தின் அதே பகுதிக்கு வந்து சேர்வதால் ஓரிடத்து வலி இன்னோர் இடத்துக்கும் பரவும். எரிச்சலுறு குடல் நோய், உடல் முழுவதும் தசைகளில் வலி நீடிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் நீடிக்கும் வலி, ஒற்றைத் தலைவலி ஆகியவை இந்தப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது தற்செயல் அல்ல. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆதரவில் 2008-இல் தொடங்கிய பல மருத்துவமனைகள் சேர்ந்த ஆய்வுத் திட்டம் ஒன்று, சிறுநீர்ப்பையை மட்டும் பார்க்காமல் உடல் முழுவதையும், மூளையையும் சேர்த்துப் பார்க்க முனைந்ததற்கு இதுவே காரணம். வலி சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்ட பெண்ணும், உடலில் பல இடங்களில் வலி உள்ள பெண்ணும் ஒரே சிகிச்சைக்கு ஒரே மாதிரி பலன் காட்டுவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகத் தசைகள். இடுப்பெலும்பின் அடியில் ஒரு தொட்டில்போல் அமைந்து சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் மூன்றையும் தாங்குபவை இடுப்புத் தளத் தசைகள். வலி வரும்போதெல்லாம் நம்மை அறியாமலேயே இவற்றை இறுக்கிக்கொள்கிறோம். மாதக்கணக்கில் இறுகிக் கிடக்கும் தசையில் முடிச்சுகள் விழுகின்றன, அந்த முடிச்சுகளே தனியாக வலிக்கத் தொடங்குகின்றன. சிறுநீர் வரத் தாமதமாவது, வேகம் குறைவாக வருவது, கழித்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது, மலச்சிக்கல், பாலுறவின்போது வலி ஆகியவை இருந்தால் தசைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். என் கருத்தில், இந்த நோயில் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடிய பகுதியும் இதுதான், மிக அதிகமாகக் கவனிக்காமல் விடப்படும் பகுதியும் இதுதான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு பிரிவினையைச் சொல்லியாக வேண்டும். இந்நோய் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குச் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் சிவந்த, எளிதில் இரத்தம் கசியும் திட்டுகள் தென்படும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மகளிர் நோய் மருத்துவர் கை ஹன்னர் 1915-இல் இவற்றை விவரித்து எழுதியதால் ஹன்னர் புண் என்று பெயர் பெற்றன. ஹன்னர் புண் உள்ளவர்களுக்கு நடுவயதுக்கு மேல் நோய் தெரியவருவதும், சிறுநீர்ப்பையின் கொள்ளளவு உண்மையாகவே சுருங்கியிருப்பதும் அதிகம். திசுவில் அழற்சி தெளிவாகத் தெரியும் வகை இது. மற்ற வகையில் சிறுநீர்ப்பை பார்வைக்கு ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். இவை ஒரே நோயின் இரண்டு நிலைகள் அல்ல, வெவ்வேறு நோய்களாகவே இருக்கலாம் என்று எண்ணும் வல்லுநர்கள் பலர், நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். நடைமுறையில் இதன் முக்கியத்துவம் மிகப் பெரிது: ஹன்னர் புண் இருந்தால் அதற்கென்று நேரடியான, நல்ல பலன் தரும் சிகிச்சை இருக்கிறது, அதைப் பார்க்காமலே விட்டால் ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் பொருந்தாத மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

சாதாரண யூரின் இன்ஃபெக்ஷனிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? நோய்த்தொற்றில் எரிச்சல் பெரும்பாலும் சிறுநீர் கழிக்கும்போது இருக்கும், திடீரென்று ஓரிரு நாளில் தொடங்கும், சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள்களில் அடங்கும். இந்த நோயிலோ சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப வலி கூடி, கழித்தவுடன் சற்று நேரம் தணிந்து, மீண்டும் ஏறும். வலி அடிவயிற்றில் மட்டுமின்றி சிறுநீர்த்துளை, யோனி, தொடையிடுக்கு, கீழ்முதுகு என்று எங்கும் தெரியலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பலருக்குக் கூடும். நன்றாக இருக்கும் வாரங்களும் தாங்க முடியாத வாரங்களும் மாறி மாறி வரும். விழித்திருக்கும் நேரத்தில் ஏழெட்டு முறை வரை கழிப்பது இயல்பு. இந்நோய் முற்றியவர்கள் ஒரு நாளில் நாற்பது முறைக்கு மேலும் போக நேர்கிறது. அடிக்கடி போவதற்கான காரணத்தையும் கவனிக்க வேண்டும். சிறுநீர்ப்பை மிகைச்செயல்பாடு உள்ளவர் கசிந்துவிடுமோ என்ற பயத்தால் ஓடுகிறார். இந்நோய் உள்ளவர் வலியைத் தணிப்பதற்காகப் போகிறார். மருத்துவரிடம் இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னாலே பாதி வழி கடந்துவிடலாம்.

ஆன்டிபயாடிக் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் சில முறை அது வேலை செய்ததுபோல் தோன்றியிருக்கும். இந்நோயில் தொல்லை கூடுவதும் தானே தணிவதும் இயல்பு என்பதால், தணியும் வாரத்தில் சாப்பிட்ட மாத்திரைக்கு அந்தப் பெருமை போய்விடுகிறது. பிறகு ஒவ்வொரு முறையும் வேறு, இன்னும் வலிய மருந்து எழுதப்படுகிறது. குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிகின்றன, யோனியில் பூஞ்சைத் தொற்று வருகிறது, பின்னாளில் உண்மையான தொற்று வரும்போது கிருமிகள் மருந்துக்கு அடங்க மறுக்கின்றன. கல்ச்சரில் கிருமி இல்லாதபோது நீண்டகால ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டுதல்கள் தெளிவாகவே சொல்கின்றன. அதே வேளையில் கல்ச்சர் முடிவு பொய்க்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகு மாதிரி கொடுத்தால் கிருமி வளராது. ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமிகள் என்ற பழைய அளவுகோலை எட்டாத எண்ணிக்கையிலும், அறிகுறி உள்ள பெண்களுக்கு உண்மையான தொற்று இருக்க முடியும். ஆகவே மாத்திரைக்கு முன்பே, நடுத்தாரைச் சிறுநீரைச் சுத்தமாகப் பிடித்துக் கொடுப்பது அவசியம்.

யூரின் பரிசோதனையில் சீழ்ச்செல்கள் நிறைய இருந்து, கல்ச்சரில் மட்டும் எதுவும் வளரவில்லை என்றால் அதைத் தனியாக ஆராய வேண்டும். சிறுநீர்ப் பாதையின் காசநோய், கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்று, கல் ஆகியவை அப்படிக் காட்டும். காசநோயைச் சாதாரண கல்ச்சர் கண்டுபிடிக்காது, அதற்கென்று தனிப் பரிசோதனை கேட்டு வாங்க வேண்டும். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு மாதவிடாயை ஒட்டிச் சிறுநீர்ப்பை வலி வரும்; சிலருக்கு இரண்டு நோய்களும் சேர்ந்தே இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனியும் சிறுநீர்த்துளையும் வறண்டு, மெலிந்து, எரிச்சலும் அவசரமும் உண்டாகும். யோனியில் இடும் ஈஸ்ட்ரோஜன் கிரீமே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். இடுப்புப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்கள், சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்து எடுத்தவர்கள், கெட்டமின் என்ற மயக்க மருந்தைப் பயன்படுத்தியவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் மூன்றுமே சிறுநீர்ப்பையைக் கடுமையாகப் புண்ணாக்கும்.

பரிசோதனைகளைப் பொறுத்தவரை, விரிவான விசாரிப்பும் இடுப்புத் தளத் தசைகளைத் தொட்டுப் பார்க்கும் உடற்பரிசோதனையும் முதலில் வர வேண்டும். பிறகு சிறுநீர்ப் பரிசோதனை, கல்ச்சர், கழித்த பின் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் ஸ்கேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இரண்டு மூன்று நாள்களுக்கு ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி கழித்தீர்கள், அப்போது வலி எவ்வளவு, என்ன குடித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். வளர்ந்தவரின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். பகல் முழுவதும் 80 அல்லது 100 மில்லிதான் கழிக்கிறீர்கள், காலையில் எழும்போது மட்டும் 350 மில்லி வருகிறது என்றால் பை சுருங்கவில்லை, உணர்வுதான் கூர்மையாகியிருக்கிறது என்று அந்த ஒரு தாளிலிருந்தே ஊகிக்கலாம். இரவிலும் அதே சிறிய அளவுதான் என்றால் ஹன்னர் புண் பற்றிய ஐயம் வலுக்கிறது.

சிறுநீர்த்துளை வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திச் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி எல்லோருக்கும் தேவையில்லை. சிறுநீரில் இரத்தம் இருந்தாலோ, புகைப்பழக்கம் உள்ளவராக இருந்தாலோ, ஹன்னர் புண் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலோ, குறிப்பாக ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதைத் தள்ளிப்போடக் கூடாது. மயக்கம் கொடுத்து நீரால் சிறுநீர்ப்பையை விரித்துப் பார்க்கும்போது தெரியும் சிறுசிறு இரத்தப் புள்ளிகளை ஒரு காலத்தில் இந்நோயின் அடையாளமாகக் கொண்டார்கள். கருத்தடை அறுவைக்கு வந்த, சிறுநீர்த் தொல்லை எதுவும் இல்லாத பெண்களிடமும் அதே புள்ளிகள் இருப்பதை 1998-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிய பிறகு அவற்றை நம்பி முடிவெடுக்க முடியாது என்றாயிற்று. பொட்டாசியக் கரைசலைச் செலுத்திப் பார்க்கும் சோதனையும் வலியைத் தருவதைத் தவிரப் பெரிய பயன் இல்லாததால் கைவிடப்பட்டுவிட்டது. இன்று யாராவது அதைச் செய்யச் சொன்னால் ஏன் என்று கேட்கலாம்.

இத்தனை பெண்கள் ஏன் இத்தனை காலம் பெயர் தெரியாமல் அலைந்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற மகளிர் நோய் மருத்துவர் 1887-இலேயே இந்த நோய்ப் பெயரைப் பயன்படுத்தினார். ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், புண் கண்ணுக்குத் தெரியாத பெண்களின் வலியை மனக் கோளாறு என்று ஒதுக்கும் போக்கே மருத்துவத்தில் ஓங்கியிருந்தது. விக்கி ராட்னர் என்ற அமெரிக்கப் பெண், மருத்துவம் பயிலும்போதே இந்நோயால் துன்புற்று, மருத்துவர் மாற்றி மருத்துவரைப் பார்த்தும் தன் வலி நம்பப்படாத நிலையில் தானே நூல்களைப் புரட்டி நோயைக் கண்டறிந்தார். 1984-இல் நோயாளிகளுக்கான ஒரு சங்கத்தையும் தொடங்கினார். ஆய்வுக்கான நிதியும் கவனமும் அதன் பிறகே வந்தன. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவில் வயதுவந்த பெண்களில் 2.7 முதல் 6.5 விழுக்காட்டினருக்கு இந்நோய்க்கு ஒத்த அறிகுறிகள் இருப்பதாகக் கணித்தது. அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் நோயின் பெயர் சொல்லப்பட்டிருந்தது. எல்லாம் மனப்பிரமை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது அறிவியல் கைவிட்டுவிட்ட கருத்து என்பதை அறிந்துகொள்ளுங்கள். மன அழுத்தம் வலியைக் கூட்டுகிறது என்பது மெய். வலியை அது உண்டாக்கிவிட்டது என்பது வேறு.

இனிச் சிகிச்சை. 2022-இல் திருத்தப்பட்ட அமெரிக்க வழிகாட்டுதல், முதல் படி, இரண்டாம் படி என்று எல்லோரையும் ஒரே ஏணியில் ஏற்றும் பழைய முறையை விட்டுவிட்டது. உங்கள் வலியில் உட்படலத்துக்கு எவ்வளவு பங்கு, தசைக்கு எவ்வளவு, நரம்புக்கு எவ்வளவு என்று பார்த்துச் சிகிச்சைகளைச் சேர்த்துக்கொள்வதே இப்போதைய அணுகுமுறை.

உணவு பற்றிய பேச்சில் மிகை அதிகம். காபி, தேநீர், மது, எலுமிச்சை ஆரஞ்சு வகைகள், தக்காளி, மிளகாய்க் காரம், வாயு நிறைந்த குளிர்பானங்கள், செயற்கை இனிப்புகள் ஆகியவை பலருக்குத் தொல்லையைக் கூட்டுகின்றன என்பது நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் ஆகாது என்பதில்லை. இவை அனைத்தையும் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் நிறுத்திப் பாருங்கள். வலி குறைந்தால் ஒரு நேரத்தில் ஒன்றாக, சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பச் சேர்த்து எது உறுத்துகிறது என்று கண்டறியுங்கள். குறையவே இல்லை என்றால் உணவு உங்களுக்குப் பெரிய காரணம் அல்ல, கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடலாம். நீளமான தடைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உடல் மெலிந்துபோகும் பெண்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அது தேவையற்ற தண்டனை. அதேபோல் அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பதும் தவறு, சிறுநீர் செறிவடைந்து உறுத்தல் கூடும். வலி ஓரளவு தணிந்த பிறகு, போகும் இடைவெளியை வாரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களாக நீட்டிச் சிறுநீர்ப்பையைப் பழக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது இதை முயலக் கூடாது.

இடுப்புத் தளத் தசைகளுக்கான பிசியோதெரபியை நான் மிக உயர்வாக மதிப்பிடுகிறேன். 2012-இல் வெளியான, 81 பெண்கள் பங்குகொண்ட ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கைகளால் உள்ளும் புறமும் தசை முடிச்சுகளைத் தளர்த்திய குழுவில் 59 விழுக்காட்டினரும், பொதுவான மசாஜ் பெற்ற குழுவில் 26 விழுக்காட்டினரும் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சிறுநீர்ப் பிரச்சினை என்று சொன்னதும் கெகல் பயிற்சி செய்யுங்கள் என்று பலரும் சொல்வார்கள். கெகல் என்பது தசையை இறுக்கும் பயிற்சி. நாள் முழுவதும் முஷ்டியை மூடியே வைத்திருந்து கை வலிப்பவரை இன்னும் இறுக்கி மூடச் சொல்வதற்கு ஒப்பானது அது. உங்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி: வயிறு எழும்பித் தாழுமாறு மெதுவாக மூச்சுவிடுதல், இடுப்பைத் திறக்கும் நீட்சிப் பயிற்சிகள், மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுதல்.

மாத்திரைகளில் அதிகம் பயன்படுவது அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கான மருந்து என்று உறையில் பார்த்துவிட்டு, நம்மை மனநோயாளி என்று நினைத்துவிட்டார்களோ என்று எண்ண வேண்டாம். இங்கே அது வலி நரம்புகளை அடக்கவே, மனச்சோர்வுக்குரியதைவிடக் குறைந்த அளவில் தரப்படுகிறது. பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். தூக்கக் கலக்கம், வாய் வறட்சி, மலச்சிக்கல், எடை கூடுதல் ஆகியவை வரக்கூடும். ஹிஸ்டமினைத் தடுக்கும் ஹைட்ராக்சிசின், சிமெடிடின் ஆகியவை சிலருக்கு உதவுகின்றன.

பென்டோசன் பாலிசல்ஃபேட் என்ற மருந்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். உட்படலத்தின் பூச்சைச் சீராக்கும் என்ற நோக்கில் தரப்படும் இதற்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996-இல் அனுமதி அளித்தது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் பிடிக்கும். 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட இது மேம்பட்டதாகத் தெரியவில்லை. 2018-இல், இதை ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களின் விழித்திரையில் ஒருவகை நிறமிச் சிதைவு இருப்பது முதன்முதலாகப் பதிவானது. 2020-இல் மருந்தின் விவரக் குறிப்பிலேயே அந்த எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஆகவே இதைத் தொடங்குமுன் விழித்திரைப் பரிசோதனையும், தொடரும் காலத்தில் மறுபரிசோதனையும் செய்தே ஆக வேண்டும். படிப்பதில் சிரமமோ, மங்கிய வெளிச்சத்தில் பார்வை பழகத் தாமதமோ ஏற்பட்டால் உடனே சொல்லுங்கள். ஆறு மாதத்தில் பலன் இல்லையென்றால் தொடர்வதற்கு நியாயம் இல்லை என்பது என் கருத்து.

கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக மருந்தை நேரடியாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவது இன்னொரு வழி. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னைச் சோடியம் பைகார்பனேட்டுடன் கலந்து செலுத்தினால் வலி விரைவில் தணியும், ஆனால் நீடிக்காது. ஹெபாரினைச் சேர்த்தும் தருவார்கள். 1978-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைசலை வாரம் ஒருமுறை சில வாரங்களுக்குத் தருவதுண்டு. அதன் பிறகு மூச்சில் பூண்டு வாடை வீசும், அது தானே போய்விடும். ஹைலுரானிக் அமிலம், காண்ட்ராய்டின் சல்ஃபேட் ஆகியவையும் பல நாடுகளில் பயன்படுகின்றன.

ஹன்னர் புண் கண்டறியப்பட்டவர்களுக்குப் பாதை வேறு. புண்ணை மின்சாரத்தாலோ லேசராலோ சுட்டு அகற்றுவது, அல்லது அதன் அடியில் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டை ஊசி மூலம் செலுத்துவது பெரும்பாலோருக்கு விரைவான, பல மாதங்கள் நீடிக்கும் நிவாரணம் தருகிறது. புண் மீண்டும் வரலாம், அப்போது மறுபடி செய்யலாம். அடங்காதவர்களுக்கு, நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் உண்டு. சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டிய மருந்து என்பதால் அனுபவமுள்ளவர் கையில்தான் எடுக்க வேண்டும்.

மற்றவை பலிக்காதபோது சிறுநீர்ப்பைச் சுவரில் போட்டுலினம் நச்சை ஊசியாகச் செலுத்துவதும், கீழ்முதுகின் நரம்பை மென்மின்சாரத்தால் தூண்டும் கருவியைப் பொருத்துவதும் உண்டு. போட்டுலினத்துக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் தானாக வராமல் போய், சில காலம் தாங்களே கதீட்டர் வைத்துக்கொள்ள நேரும். அதற்கு மனம் ஒப்பாதவர் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சிறுநீர்ப்பையையே அகற்றும் அறுவை மிகச் சிலருக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். அதன் பிறகும் வலி தொடரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் அதற்குச் சம்மதிக்காதீர்கள். சிறுநீர்ப்பைக்குள் காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி. செலுத்துதல், நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரை, அதிக அழுத்தத்தில் நீண்ட நேரம் பையை விரித்தல் ஆகியவற்றை இந்நோய்க்குச் செய்யக் கூடாது என்று வழிகாட்டுதல்கள் விலக்கியிருக்கின்றன.

வலி திடீரென்று ஏறும் நாள்களுக்கு ஒரு திட்டம் கையில் இருக்கட்டும். அடிவயிற்றில் அல்லது தொடைகளுக்கிடையில் வெந்நீர்ப் பை, சிலருக்கு ஐஸ் ஒத்தடம், சிறுநீர் நீர்த்துப்போகுமளவு தண்ணீர், தளர்வான ஆடை, மருத்துவர் முன்பே சொல்லிவைத்த வலி மாத்திரை. ஃபெனாசோபிரிடின் தந்திருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் ஓரிரு நாள்களுக்கு மேல் தானாகத் தொடரக் கூடாது. இரண்டு மூன்று நாளில் அடங்கவில்லை என்றால் கல்ச்சர் ஒன்று கொடுத்துவிடுங்கள், ஏனெனில் இந்நோய் உள்ளவர்களுக்கும் இடையில் உண்மையான தொற்று வரலாம்.

பாலுறவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். உறவின்போதோ மறுநாளோ வலி கூடுவது இந்நோயில் மிகவும் பொதுவானது. முன்பே சிறுநீர் கழித்துவிடுதல், போதிய வழவழப்புத் திரவம், சிறுநீர்ப்பையில் அழுத்தம் விழாத நிலைகள் ஆகியவற்றோடு, இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்தாலே பாதித் துன்பம் குறையும். கணவர் இந்த நோயைப் பற்றி மருத்துவரிடமே நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. விலகல் என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பது வலியின் அச்சம் என்று புரிந்தால் இருவருக்கும் பாரம் குறையும். இந்நோய் கருத்தரிக்கும் திறனைக் கெடுப்பதில்லை. கர்ப்பத்தில் சிலருக்கு வலி தணிகிறது, சிலருக்குக் கூடுகிறது. மேலே சொன்ன மருந்துகள் சில கர்ப்பத்தில் கூடாதவை என்பதால், குழந்தைக்கு முயலும் முன்பே எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

காய்ச்சலோ குளிர்நடுக்கமோ விலாப்பக்க வலியோ வந்தாலும், சிறுநீரில் இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தாலும், சிறுநீர் அறவே வராமல் நின்றாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், வழக்கமாக வரும் தொல்லைதானே என்று வீட்டில் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். காய்ச்சலும் சிறுநீர் அடைப்பும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. இரத்தம் தெரிந்தால், அது ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும்கூட, சிஸ்டோஸ்கோப்பி செய்து பார்க்கும்வரை அதை இந்த நோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.